எக்ஸ்டென்ஷன் வயரும் இல்லத்தின் பாதுகாப்பும்

விடியற்காலை ஐந்து மணிக்கே லயத்து வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கிவிடுகின்றன. பெரட்டுக்குப் புறப்பட இன்னும் சிறிது நேரமே இருக்கிறது. ஒருபுறம் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கிறது. மறுபுறம் பகலுணவுக்குச் சோறு வேகிறது. இடையில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடப்படுகிறது. முன்னாளில் இம்மூன்றுக்கும் விறகடுப்பும் கரிப்பெட்டியும் துணை நின்றன. இன்று மூன்றும் மின்சாரத்தால் நடைபெறுகின்றன. ஆனால் சமையற்கட்டில் சுவரில் உள்ள சாக்கெட்டோ ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்றிலிருந்து நான்கு வாய் கொண்ட எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று புறப்பட்டு, கதவிடுக்கின் வழியாக நுழைந்து, பாயின் கீழ் மறைந்து, மூன்று கருவிகளுக்கும் ஒரே வேளையில் மின்சாரத்தை வழங்கிக்கொண்டிருக்கிறது.

அண்மையில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது இத்தகைய காட்சியை நாம் நேரில் கண்டோம். பாயைச் சற்றே விலக்கிப் பார்த்தோம். வயர் கிடந்த தடம் நெடுகிலும் பாயின் அடிப்பக்கம் பழுப்பேறி, தொட்ட இடத்தில் பொடிந்து உதிர்ந்தது. அப்பாயின் மீதுதான் இரவில் அவ்வீட்டின் இரண்டு குழந்தைகள் உறங்குகின்றனர். இதனை எடுத்துக் காட்டியபோது அவ்வீட்டு அம்மையார், "ஐயா, ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு ஆறு பேர் எப்படிக் குடும்பம் நடத்துவது?" என்று கேட்டார். அக்கேள்வி நியாயமானது. ஆகவே, எக்ஸ்டென்ஷன் வயரை எவரும் தொடவே கூடாது என்று இங்கே நாம் உபதேசம் செய்யப் போவதில்லை. அது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதைக் கூறுவதே நம் நோக்கமாகும்.

லயத்து வீடுகளில் வாழ்வோர் இதனை அறிந்திருக்க வேண்டியதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தனி வீட்டில் தீப்பிடித்தால் பெரும்பாலும் ஒரு குடும்பம் பாதிக்கப்படும். பழைய லயங்களிலோ பலகைச் சுவர்களும் ஒரே நீண்ட கூரையும் பல குடும்பங்களை ஒன்றாக இணைத்து நிற்கின்றன. முதல் வீட்டுக் கூரையடியில் பற்றிய நெருப்பு அடுத்த வீட்டாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு செல்வதில்லை. இரவில் நெருப்பெழுந்தால், இரவல் வாங்கிய ஒரு வயரினால் ஒரு லயமே தன் உடைமைகளையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களையும் இழக்க நேரிடும்.

மின்சார வயரின் உள்ளே செம்புக் கம்பிகளும், அவற்றைச் சுற்றி மின்சாரத்தைக் கடத்தாத ஓர் உறையும் இருக்கின்றன என்பதை நீங்கள் அறிவீர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அவ்வுறை பெரும்பாலும் ரப்பராலேயே செய்யப்பட்டு வந்தது. நம் மக்கள் மரத்தில் சீவியெடுத்த பால்தான் உலகின் பல நாடுகளில் வீட்டுச் சுவர்களுக்குள் மின்சாரத்தைக் காவல் காத்து நின்றது! அதற்கும் முன்னர், மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலாகிய கட்டாபெர்ச்சா இப்பணியைச் செய்தது. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த மோண்ட்கோமரி என்பவர் 1843ஆம் ஆண்டில் அதன் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பினார். 1851ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட தந்திக் கம்பிக்குக் கட்டாபெர்ச்சாவே உறையாக அமைந்தது. இன்று வீட்டு வயர்களில் பிவிசி எனும் பிளாஸ்டிக் உறையே மிகுதியாகப் பயன்படுகிறது. சாதாரண பிவிசி உறை ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பம் வரையில் வேலை செய்வதற்கென்றே ஆக்கப்பட்டது. அதற்கு மேல் தொடர்ந்து சூடேறினால் அது இளகும். பின்னர் கடினமாகி வெடிக்கும். இறுதியில் உள்ளிருக்கும் கம்பிகள் ஒன்றையொன்று தொடும். நெடுநாள் வெயிலில் கிடந்த ரப்பர்ப் பட்டை வெடிப்பு விடுவதைக் கண்டவர்களுக்கு இதனை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் வயர் ஏன் சூடேறுகிறது? கம்பியின் வழியே மின்சாரம் ஓடும்போதெல்லாம் சிறிதளவேனும் வெப்பம் பிறந்தே தீரும். கம்பி தடிப்பாக இருந்தால் வெப்பம் குறைவு. மெல்லியதாக இருந்தால் வெப்பம் அதிகம். பாலை வாளியில் ஊற்றுவதற்கும் குறுகிய புனலில் ஊற்றுவதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. ஆயினும் ஒன்றை இங்கு நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் வெப்பமும் இரண்டு மடங்காகும் என்று நாம் எண்ணுவோம். உண்மையில் அது நான்கு மடங்காகிறது. மின்சாரம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. "கொஞ்சம் கூடுதலாகத்தானே மாட்டினேன்" என்று கூறுவோர் ஏமாந்து போவது இந்த இடத்திலேதான்.

இப்பொழுது சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்கைக் கண்டு அஞ்ச வேண்டா. பால் நிறுத்துக் கூலி கணக்கிடும் நமக்கு இது பெரிதன்று. நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். ஒவ்வொரு கருவியின் அடியிலோ பின்புறத்திலோ அது எத்தனை வாட் என்று அச்சிடப்பட்டிருக்கும். வாட்டை 230ஆல் வகுத்தால் அக்கருவி இழுக்கும் மின்சாரம் ஆம்பியர் கணக்கில் கிடைத்துவிடும். மின்சாரக் கெட்டில் 2000 வாட் என்று கொள்வோம். அது ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 4.3 ஆம்பியர், 700 வாட் ரைஸ் குக்கர் 3 ஆம்பியர். மூன்றையும் கூட்டினால் 16 ஆம்பியர். நம் சுவரில் உள்ள சாக்கெட்டும், மூன்று ஊசி பிளக்கும் 13 ஆம்பியருக்கென்றே அமைந்தவை. அதாவது ஏறக்குறைய 3000 வாட்டோடு அவற்றின் எல்லை முடிந்துவிடுகிறது. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் நான்கு வாய்கள் இருப்பதால் நான்கு மடங்கு மின்சாரம் வரும் என்று எண்ணுவது பிழை. நான்கு வாய்க்கும் சேர்த்தே அந்த 13 ஆம்பியர்.

வயர் மெல்லியதாக இருப்பின் அந்த 13கூட இல்லை. எக்ஸ்டென்ஷன் வயரின் உறைமீது நுண்ணிய எழுத்துகளில் 0.75, 1.0, 1.25, 1.5 என்று ஏதேனும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அது உள்ளிருக்கும் செம்பின் குறுக்குப் பரப்பைச் சதுர மில்லிமீட்டரில் குறிப்பது. 0.75 என்றால் 6 ஆம்பியர் வரையில், 1.0 என்றால் 10 ஆம்பியர், 1.25 என்றால் 13 ஆம்பியர். முன்பு கூறிய 16 ஆம்பியரை 10 ஆம்பியர் வயரில் ஓட விட்டால் அவ்வயர் தாங்கக்கூடிய வெப்பத்தைப் போல் இரண்டரை மடங்கு வெப்பம் அதில் பிறக்கும். காற்றோட்டமான இடத்தில் கிடந்தால் அவ்வெப்பத்தில் ஒரு பகுதியேனும் வெளியேறும். பாயின் கீழும் மெத்தையின் கீழும் துணிமூட்டையின் அடியிலும் கிடந்தால் அது எங்கே போகும்? அந்தப் பாய் பழுப்பேறியதன் காரணம் இதுவே.

வயரைச் சுருளாகச் சுற்றிக் கட்டி வைத்தபடியே பயன்படுத்துவதும் இதே தீங்கை விளைவிக்கும். நீளம் மிகுந்துவிட்டது என்று பலர் அதனை அழகாகச் சுற்றி ரப்பர் வளையம் போட்டுவிடுகின்றனர். சுருளின் நடுவில் உள்ள சுற்றுகளுக்கு மூச்சு விடவும் இடமிருப்பதில்லை. மண்டபங்களில் பயன்படும் உருளை வயர்களைப் பார்த்தால், முழுவதும் பிரித்த நிலையில் ஒரு வாட் அளவும், சுற்றிய நிலையில் அதனினும் மிகக் குறைந்த வேறோர் அளவும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தேவைக்கேற்ற நீளமுள்ள வயரை வாங்குவதே சிறந்தது.

"அதிகம் இழுத்தால் மெயின் போர்டு தானாகவே அணைந்துவிடுமே!" என்று சிலர் கேட்கக்கூடும். இங்கேதான் பலரும் தவறாக எண்ணிக்கொண்டிருக்கின்றனர். மெயின் போர்டில் சாக்கெட்டுகளுக்கென உள்ள தடை சுவிட்சு பொதுவாக 20 அல்லது 32 ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருக்கும். அது சுவருக்குள் இருக்கும் தடித்த வயரைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. உங்கள் மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அவ்வயர் 16 ஆம்பியரில் வெந்துகொண்டிருந்தாலும் போர்டு அமைதியாகவே இருக்கும். மின்கசிவைக் கண்டதும் அணைந்துவிடும் ஆர்.சி.டி. எனும் கருவியும் அத்தகையதே. மின்சாரம் மனித உடல் வழியாகவோ வேறு வழியாகவோ தரைக்குக் கசிந்தால் மட்டுமே அது விழிக்கும். அளவுக்கு மீறிய சுமையைக் கண்டு அது விழிப்பதில்லை.

எக்ஸ்டென்ஷன் வயருக்கு அருகிலிருக்கும் காவலாளி அதன் பிளக்கினுள் உள்ள சிறிய பியூஸ்தான். 10 ஆம்பியர் வயருக்கு 10 ஆம்பியர் பியூஸ், 13 ஆம்பியர் வயருக்கு 13 ஆம்பியர் பியூஸ் என்பதே முறை. ஆயினும் அக்காவலாளியும் 13ஐத் தாண்டிய அக்கணமே எழுந்து நிற்பவன் அல்லன். 16 ஆம்பியரை நெடுநேரம் விட்டுவிடவும் கூடும். எனவே, கணக்கை நாமே பார்த்துக்கொள்வது நலம். மற்றொரு கொடுமையும் நடக்கிறது. பியூஸ் எரிந்துபோனால் கடைக்குச் செல்லச் சோம்பி, சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியோ, கம்பித் துண்டைச் செருகியோ விளக்கை எரிய வைத்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தபின் அந்த வயருக்குக் காவலே கிடையாது. ஒரு பியூஸின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலையைவிடக் குறைவு.

வயர் முழுவதும் குளிர்ந்திருந்து, ஓரிடத்தில் மட்டும் சூடு பிறப்பதும் உண்டு. அது பிளக்கு சாக்கெட்டில் சேரும் இடமாகவோ, இரு வயர்களை முறுக்கி ஒட்டுநாடா சுற்றிய இடமாகவோ இருக்கும். தளர்ந்த இணைப்பில் மின்சாரம் தாவித் தாவிச் செல்ல வேண்டியிருக்கிறது. அவ்விணைப்பில் அரை ஓம் தடை இருந்து, அதன் வழியே 10 ஆம்பியர் ஓடினால், ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம் எழுகிறது. வானொலி பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் கருவிக்கு ஏறத்தாழ அவ்வளவு வெப்பமே போதுமானது. அதனை ஒரு பலகைச் சுவரில் இரவு முழுவதும் சாய்த்து வைத்தால் என்ன நேரும்?

இவ்வாறு கூறும் நாமும் குற்றமற்றவர் அல்லர். ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒரு பள்ளி ஆண்டுவிழாவின்போது மேடைக்கு மின்சாரம் எட்டவில்லை என்று, ஒரு எக்ஸ்டென்ஷனின் முனையில் மற்றொன்றையும், அதன் முனையில் மூன்றாவதையும் மாட்டினோம். ஒலிபெருக்கி, விளக்குகள், திரைக்குப் பின்னால் தேநீர் கொதிக்கும் பெரிய கொள்கலன் யாவும் அம்மூன்றாம் பெட்டியில் ஏறின. பிள்ளைகள் நடனமாடிக்கொண்டிருந்தபோது மீன் அழுகியது போன்ற ஒரு நாற்றம் வந்தது. எவரோ உணவைக் கெடவிட்டனர் என்று எண்ணி அதனைப் பொருட்படுத்தவில்லை. முடிவில் வயரைக் கழற்றச் சென்றபோது முதல் பிளக்கு சாக்கெட்டோடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. திரைச்சீலை அதிலிருந்து ஒரு சாண் தொலைவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்நாற்றம் பிளாஸ்டிக் வேகும் நாற்றம் என்பதைப் பின்னரே அறிந்தோம். அதுமுதல் ஒன்றோடொன்று கோத்த வயர்களைக் கண்டால் நமக்கு மனம் பொறுப்பதில்லை. ஒன்றின் முனையில் மற்றொன்றை மாட்டும்போது, கடைசிப் பெட்டியில் உள்ளவர் போடும் சுமை முழுவதையும் முதல் பிளக்கே சுமக்கிறது. தளரக்கூடிய இணைப்புகளும் பெருகுகின்றன.

நம் நாட்டில் பரவியுள்ள ஒரு பழக்கத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தொலைபேசிக்கு மின்னூட்டும் கருவி இரண்டு ஊசி பிளக்கோடு வருகிறது. சுவரில் இருப்பதோ மூன்று துளை. உடனே பேனாவையோ தீக்குச்சியையோ மேல் துளையில் செருகிக் கதவைத் திறந்து, இரண்டு ஊசியை அழுத்தி ஏற்றிவிடுகிறோம். பார்த்திருக்கும் குழந்தையும் அதனைக் கற்றுக்கொள்கிறது. நாளை அக்குழந்தையின் கையில் இருப்பது தீக்குச்சியாக இல்லாமல் ஆணியாகவும் இருக்கக்கூடும். செருகும் துளை வேறொன்றாகவும் இருக்கக்கூடும். மேலும் உருண்டை ஊசிகள் சதுரத் துளையில் இறுக அமர்வதில்லை. நாம் முன்னே கூறிய தளர்ந்த இணைப்பே அங்கும் உருவாகிறது. மேல் துளை, பாதுகாப்புக் கம்பியாகிய எர்த் வந்து சேரும் இடமாகும். அதன் ஊசி நீளமாக இருப்பதும், அது நுழைந்த பின்னரே மற்ற இரு துளைகளின் கதவு திறப்பதும் வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. மூன்று ஊசி அடாப்டர் ஒன்றை வாங்கி நிரந்தரமாக அக்கருவியோடு வைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை.

நெருப்பைப் பற்றிக் கூறினோம். இனி மின்தாக்குதலைப் பற்றிச் சிறிது. நம் லயங்களில் சலவை இயந்திரம் பெரும்பாலும் வீட்டின் பின்புறத்தில், குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்குச் சாக்கெட் இல்லாமையால் சமையற்கட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்கப்படுகிறது. அதன் பெட்டி ஈரச் சிமெண்டுத் தரையில் கிடக்கிறது. அம்மையார் வெறுங்காலோடு, நனைந்த கையோடு துணியை எடுக்கிறார். இதனை விடக் கொடிய அமைப்பை ஒருவர் வேண்டுமென்று முயன்றாலும் உருவாக்க இயலாது. மனித உடலின் வழியே 30 மில்லியாம்பியருக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கு ஆபத்து நேரக்கூடும். ஒரு பழைய 60 வாட் குண்டு விளக்கு எரிவதற்கு வேண்டிய மின்சாரத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கே அது. ஆகவேதான், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் உள்ள இடங்களில் 30 மில்லியாம்பியரிலும், தரை நனையக்கூடிய இடங்களில் 10 மில்லியாம்பியரிலும் அணையக்கூடிய ஆர்.சி.டி. வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குமுறைகள் கூறுகின்றன.

உங்கள் மெயின் போர்டில் ஆர்.சி.டி. இருந்தால் அதில் 'டி' என்றோ 'டெஸ்ட்' என்றோ எழுதிய சிறு பொத்தான் காணப்படும். மாதத்திற்கு ஒருமுறை அதனை அழுத்துங்கள். மின்சாரம் உடனே நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையெனில் அக்கருவி உறங்கிவிட்டது என்று பொருள். வயர்மேனை அழைத்துக் காட்டுதல் வேண்டும். எர்த் கம்பி இல்லாத இரண்டு கம்பி எக்ஸ்டென்ஷனில் சலவை இயந்திரத்தையோ குளிர்பதனப் பெட்டியையோ மாட்டவே கூடாது. நனைந்த இடத்திற்கு எக்ஸ்டென்ஷன் என்பது எந்நாளும் தீர்வாகாது. அங்கு முறையான சாக்கெட் ஒன்றைப் பொருத்துவதே வழி.

கோயில் திருவிழாக்களில் நிகழ்வதையும் இதனோடு சேர்த்தே எண்ணிப் பார்க்கலாம். வீட்டினுள் பயன்படுத்தும் வெள்ளை எக்ஸ்டென்ஷன்கள் புல்தரையில் கிடக்கின்றன. இணைப்புகளுக்குப் பிளாஸ்டிக் பை கட்டப்படுகிறது. மாலையில் மழை பெய்கிறது. இரும்புப் பந்தற்காலில் குழந்தைகள் கை வைத்து நிற்கின்றனர். வெளியிடத்திற்கென்றே செய்யப்பட்ட வயர்களும் மழைநீர் புகாத சாக்கெட்டுகளும் உள்ளன. பந்தல் மின்சாரத்தைப் பதிவு பெற்ற வயர்மேனிடம் ஒப்படைக்கும்படி கோயில் குழுவினரை வேண்டுகிறோம்.

தோட்டத்துப் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களுக்குச் செல்கின்றனர். இது நமக்குப் பெருமை தரும் செய்தி. பிள்ளை விடுதிக்குப் புறப்படும்போது தாயார் வாங்கித் தரும் பொருள்களில் வாளி, போர்வை, ஊறுகாய்ப் போத்தல் ஆகியவற்றோடு ஓர் எக்ஸ்டென்ஷன் வயரும் இருப்பது வழக்கமாகிவிட்டது. விடுதி அறையில் இரண்டு மூன்று பேர் தங்கும்போது சாக்கெட் போதாமல் போவது உண்மையே. மடிக்கணினிக்கு 65 வாட், தொலைபேசிக்கு 20 வாட், மேசை விசிறிக்கு 50 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 135 வாட்தான். நல்ல எக்ஸ்டென்ஷன் ஒன்று இதனை எளிதாகத் தாங்கும். ஆனால் அதே பெட்டியில் இரவு பத்து மணிக்கு மீ கொதிக்க வைக்க 2000 வாட் கெட்டில் ஏறும்போது சுமை ஒரே நொடியில் பதினைந்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பல விடுதிகளில் அறைக்குள் சமையல் கருவிகளைத் தடை செய்திருப்பதும், இஸ்திரிக்கெனத் தனி இடம் ஒதுக்கியிருப்பதும் இதனால்தான். பிள்ளைகளைத் துன்புறுத்துவதற்காக அவ்விதிகள் எழுதப்படவில்லை. சூடு உண்டாக்கும் எக்கருவியும் எக்ஸ்டென்ஷனுக்கு உரியதன்று. அது சுவருக்கே உரியது. இந்த ஒன்றை மட்டும் பிள்ளைக்குச் சொல்லியனுப்பினாலும் போதும்.

விடுதியில் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. நாற்பது அறைகள் ஒரே நடைபாதையில் இருக்கும் கட்டடத்தில் ஓர் அறையின் புகை எல்லா அறைகளுக்கும் உரியதாகிவிடுகிறது. இவ்வகையில் விடுதியும் நம் லயமும் ஒன்றே. வாசற்படியின் குறுக்கே வயரை இழுத்தால், புகை சூழ்ந்த இருளில் ஓடி வருவோர் அதில் தடுக்கி விழுவர். கதவிடுக்கில் சிக்கிய வயர் ஒவ்வொரு முறை கதவு மூடும்போதும் நசுங்குகிறது. உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, எஞ்சிய சில இழைகளே முழுச் சுமையையும் தாங்க நேரிடுகிறது. வெளியுறை நன்றாக இருப்பதால் எவர் கண்ணுக்கும் அது தெரிவதில்லை. கட்டிலில் தலையணைக்கடியில் பெட்டியை வைத்துக்கொண்டு மின்னூட்டியபடியே உறங்குவதும் வேண்டா. வெளியே செல்லும்போது சுவிட்சை அணைத்துவிட்டுச் செல்லும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வற்புறுத்துங்கள்.

வயர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கலாகாது. நம் நாட்டில் எக்ஸ்டென்ஷன் வயர்கள் எரிசக்தி ஆணையமாகிய சுருஹான்ஜாயா தெனாகாவின் ஒப்புதல் பெற்றே விற்கப்பட வேண்டும். அதற்கு அடையாளமாகச் சிரிம் ஒட்டுச்சீட்டு அதில் இருக்கும். இரவுச் சந்தையில் சீட்டில்லாத வயர் மலிவாகக் கிடைக்கலாம். அதனைக் கையில் எடுத்துப் பாருங்கள். எடை மிகக் குறைவாக இருந்தால் உள்ளே செம்பும் குறைவாகவே இருக்க வாய்ப்புண்டு. வயரின் மேல் எண் இல்லையெனில் வாங்காமல் திரும்பிவிடுவதே நல்லது.

இத்தனைக்குப் பிறகும் அந்த அம்மையாரின் கேள்வி எஞ்சி நிற்கிறது. ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு ஆறு பேர் என்ன செய்வது? முதலாவதாக, காலை நேர வேலைகளைச் சற்றே பிரித்துக்கொள்ளலாம். கெட்டில் கொதித்து முடிந்த பின்னர் இஸ்திரியை மாட்டலாம். இஸ்திரியை முந்தின நாள் இரவே முடித்துவிடலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை. இரண்டாவதாக, கூடுதல் சாக்கெட் கேட்பது உங்கள் உரிமைக்கு அப்பாற்பட்டதன்று. தொழிலாளர்களுக்கு வீடு வழங்கும் முதலாளி போதுமான மின்சார வசதியை அளிக்கவும், வீடுகளைப் பழுதின்றி வைத்திருக்கவும் கடமைப்பட்டவர் என்பது 1990ஆம் ஆண்டின் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டத்தின் (சட்டம் 446) நோக்கமாகும். லயத்தார் ஒன்றுசேர்ந்து, எந்தெந்த வீட்டில் எந்தச் சாக்கெட் கருகியிருக்கிறது, எந்தப் பழைய வயரின் உறை வெடித்திருக்கிறது என்பதை எழுதி, நிர்வாகத்திடம் கடிதமாகக் கொடுக்கலாம். ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். நிர்வாகம் செவி சாய்க்கவில்லையெனில் வட்டாரத் தொழிலாளர் அலுவலகத்தை நாடலாம். வயரிங் வேலையைப் பக்கத்து வீட்டுத் தம்பி செய்து தருவதாகக் கூறினாலும் இணங்காதீர்கள். அதற்கென எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன்கள் இருக்கின்றனர்.

எவ்வளவு கவனமாக இருந்தும் தீ எழுமாயின், முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள்; அதனை நெருங்க இயலாவிடில் விட்டுவிடுங்கள். மின்சாரம் ஓடும் பொருளின் மீது தண்ணீர் ஊற்றலாகாது. பிள்ளைகளையும் முதியோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு, லயத்தின் மற்ற வீடுகளைத் தட்டி எழுப்பி, 999 எண்ணை அழைக்க வேண்டும். மின்சாரம் பிடித்துக்கொண்ட ஒருவரை வெறுங்கையால் இழுத்தால் இருவர் சிக்குவர். மின்சாரத்தை நிறுத்துங்கள், அது முடியாவிட்டால் உலர்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளி விடுவித்து, உடனே 999ஐ அழையுங்கள். மூச்சில்லையெனில், தெரிந்தவர் ஒருவர் அவருடைய மார்பை அழுத்தும் முதலுதவியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.

இன்றிரவு இஸ்திரி போட்டு முடித்து, சுவிட்சை அணைத்ததும், பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் பெரிதன்று. கையை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றும் அளவுக்குச் சூடு இருந்தாலோ, ஊசிகளின் அடியில் பழுப்பு நிறம் காணப்பட்டாலோ, அந்த வயரையும் அந்தச் சாக்கெட்டையும் மீண்டும் பயன்படுத்த வேண்டா. வயரை அப்படியே குப்பையில் எறிந்தால் எவரேனும் எடுத்துச் சென்று மாட்டக்கூடும். சுவரிலிருந்து கழற்றிய பின், வயரைப் பல துண்டுகளாக நறுக்கி, பிளக்கின் ஊசிகளைச் சுத்தியலால் அடித்து வளைத்து, அதன் பின்னரே வீசுங்கள்.